வீட்டுக்கு ஒரு நம்பர்

அந்தச் சலவைக் கடையில் எழுதி ஒட்டாத சட்டம் ஒன்று உண்டு. வீட்டுக்கு ஒரு நம்பர். ஒரு வீட்டில் எட்டுப் பேர் இருக்கட்டும், எண்பது துணி வரட்டும், எல்லாவற்றின் உள்மடிப்பிலும் அழியாத மையால் ஒரே நம்பர்தான் ஏறும். அப்பாவின் சட்டையிலும் அதுதான், கைக்குழந்தையின் போர்வையிலும் அதுதான். ஒரு வீட்டுக்கு இரண்டு நம்பர் கொடுத்தால் ஒன்று காணாமல் போகும், இல்லாவிட்டால் அடுத்த வீட்டுக்காரர் இடுப்பில் ஏறி ஊர்வலம் போகும். இந்தச் சட்டத்தைப் போட்டவள் இஸ்திரிக்காரரின் மனைவி. பதினெட்டு வருஷமாக நம்பர் எழுதுவது அவள் வேலை. ஒரு தலையணை உறைகூட இதுவரை மாறிப் போனதில்லை. அதனால் தெருவில் அவளுக்குப் பெயரே நம்பர்க்காரி என்று ஆகிவிட்டது. அவளுக்கு அதில் கொஞ்சம் கர்வமும் உண்டு. இல்லை என்று சொன்னால் அது பொய்.

கடையில் மூன்று பேர். முன்பக்கம் மேசையில் அவள். நடுவில் நீராவி சீறும் இஸ்திரிப் பெட்டியோடு அவள் புருஷன். பேச்சைச் சேமித்து வைப்பவர் அவர். ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை தாண்டினால் அன்று ஏதோ விசேஷம். பின்பக்கம் கல்தொட்டி ஓரத்தில் அவருடைய அக்கா, நம்பர்க்காரிக்கு நாத்தனார். கறை எடுப்பதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. துணியை மூக்கருகே கொண்டுபோவாள், டீயா, துருவா, மையா, ரத்தமா என்று சொல்லிவிடுவாள். புருஷன் இறந்து பதினோரு வருஷம். அப்போது தம்பி வீட்டுக்கு வந்தவள், வந்த மறுநாளே தொட்டிப் பக்கம் போய் நின்றுகொண்டாள். யாரும் அவளை வேலை செய்யச் சொல்லவில்லை, யாரும் வேண்டாம் என்றும் சொல்லவில்லை. கடைக்குப் பின்னால் இரண்டு அறையில் அவர்கள் வீடு. ஒரே மகன் வெளியூரில் வேலைக்குப் போய்விட்டான்.

மழை பிடித்துக்கொண்ட வாரம் அது. பின்னறையில் குறுக்கும் நெடுக்கும் கயிறு கட்டி, ஈரப் படுதாக்களைக் குனிந்து விலக்கித்தான் அடுப்படிக்கே போக வேண்டும். அந்த ஈரத்துக்குள் நர்ஸ் வந்தார். வாரா வாரம் வெள்ளைக் கோட்டு நாலு போட்டுவிட்டுப் போகிற வாடிக்கைதான். வீடு வீடாகப் போய்ப் பெண்களைப் பார்ப்பது அவர் வேலை. அன்று கோட்டோடு இரண்டு சிறு பைகளையும் மேசைமேல் வைத்தார். ஒவ்வொன்றிலும் மெல்லிய நீளப் பிரஷ் ஒன்று, மூடி போட்ட குழாய் ஒன்று, ஒரே நம்பரைப் பல தடவை அச்சடித்த ஒட்டுத்தாள் ஒரு பட்டை.

கர்ப்பப்பை வாயில் வருகிற கேன்சரைப் பற்றி அவர் சொன்னார். ஒரு வைரஸால் வருகிறதாம், புருஷன் பெண்டாட்டி உறவில் ஒட்டிக்கொள்கிறதாம். அது உள்ளே புகுந்து கேன்சராக மாறப் பத்து வருஷம், பதினைந்து வருஷம் ஆகுமாம். முக்கால்வாசிப் பேருக்கு உடம்பே அதைத் துரத்திவிடுமாம். துரத்த முடியாதவர்களை முன்னாடியே கண்டுபிடித்துவிட்டால் கேன்சர் வரவிடாமலே தடுத்துவிடலாமாம்.

"முன்னெல்லாம் டாக்டர் கையாலதான் எடுக்கணும்னு இருந்துச்சு. வெக்கப்பட்டுக்கிட்டு பாதிப்பேர் வரவே மாட்டாங்க. இப்ப ஆராய்ச்சி பண்ணிப் பாத்துட்டாங்க. நாமளே பாத்ரூம்ல எடுத்துக் குடுத்தாலும் கிட்டத்தட்ட அதே அளவுக்குக் கண்டுபிடிச்சிடுதாம். ரெண்டு நிமிஷ வேலை. ஆளுக்கு ஒண்ணு, பட்டையில இருக்கற நம்பரைக் குழாய்ல ஒட்டிக் குடுங்க."

இதைப் பக்கத்துக் கடைப் பட்டன்காரம்மாவும் கேட்டுக்கொண்டிருந்தாள். கிழிசல் தைப்பது, பட்டன் வைப்பது அவள் தொழில். அடுத்தவர் பேச்சில் ஊசி ஏற்றுவது உபதொழில். நாத்தனார் இருந்த பக்கம் தாடையைக் காட்டி, "புருஷன் போயிப் பதினோரு வருஷமாச்சு. அவங்களுக்கு எதுக்கு நர்ஸம்மா இது? அப்புறம் இருக்குன்னு வந்துச்சுன்னா எங்கேருந்து வந்துச்சுன்னு கேள்வி வராதா?" என்று சொல்லிச் சிரித்தாள்.

தொட்டியில் துணி கசக்கும் சத்தம் நின்றது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் மறுபடி கேட்டது.

அப்படியும் நாத்தனார் பையை வாங்கிக்கொண்டாள். நம்பர்க்காரி விடாமல் நச்சரித்ததால் வாங்கினாள் என்றுதான் சொல்ல வேண்டும். மறுநாள் காலையில் ஒருவர் பின் ஒருவராகப் பாத்ரூம் போய் வந்தார்கள். இரண்டு குழாய்களும் மேசைமேல் வந்து உட்கார்ந்தன. நம்பர்க்காரி இரண்டு பட்டைகளையும் பிரித்துப் பார்த்தாள். இரண்டிலும் வேறு வேறு நம்பர். பதினெட்டு வருஷப் பழக்கம் கையைப் பிடித்து இழுத்தது. ஒரே வீட்டுச் சாமானுக்கு எதற்கு இரண்டு நம்பர்? ஒன்று தவறிப் போனால் யார் பொறுப்பு? தன் பட்டையிலிருந்து ஒன்றைத் தன் குழாயில் ஒட்டினாள், இன்னொன்றை நாத்தனார் குழாயில் ஒட்டினாள். நாத்தனாரின் பட்டையைக் கசக்கிப் பழைய சீட்டுகள் போடும் டப்பாவில் எறிந்தாள். இரண்டையும் ஒரே பையில் போட்டுக் கட்டினாள். அன்று ஏதோ நல்ல காரியம் செய்த திருப்தி வேறு.

மூன்று வாரம் கழித்து நர்ஸ் வந்தார். கையில் கோட்டு இல்லை. அதைப் பார்த்ததும் நம்பர்க்காரி மைக்குப்பியை மூடி வைத்தாள்.

"என்ன பண்ணி வச்சிருக்கீங்க நீங்க? ரெண்டு குழாய்லயும் ஒரே நம்பர். லேப்ல ஒரே ஆள் ரெண்டு தடவ குடுத்திருக்காங்கன்னு நெனச்சு ரெண்டையும் பாத்துட்டாங்க. ஒண்ணுல வைரஸ் இருக்கு. இன்னொண்ணுல இல்ல."

"யாருக்கு இருக்கு?"

"அதை நான்தான் உங்ககிட்ட கேக்கணும்."

வாழ்க்கையில் முதல் தடவையாக அவள் மேசையில் சாமான் மாறிப் போயிருந்தது. மாறிப் போனது சட்டையும் இல்லை, போர்வையும் இல்லை. நர்ஸ் அதற்கு மேல் திட்டவில்லை. இது இன்னும் நோய் இல்லை, யாருக்கு என்று தெரிந்துகொண்டு டாக்டர் பார்த்தால் போதும் என்றார். புதிதாக இரண்டு பைகள் கொடுத்தார். ஒருத்தர் கொடுத்தால்கூடப் போதும், அதிலிருந்தே மற்றவருடையது தெரிந்துவிடும் என்று போகிற போக்கில் சொன்னார்.

அந்தக் கடைசி வாக்கியம் நாத்தனார் காதிலும் விழுந்தது. அன்று மத்தியானம் இஸ்திரிக்காரர் துணி கொடுக்கப் போயிருந்த நேரம் பார்த்து அவள் முன்பக்கம் வந்தாள். கை ஈரத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தாள், ஈரம் போன பிறகும்.

"நான் குடுக்கப் போறதில்ல."

"சரி அண்ணி. நான் குடுக்கறேன். என்னோடது தெரிஞ்சா போதுமாமே."

"அதுக்குத்தான் வந்தேன். நீயும் குடுக்காத."

"ஏன் அண்ணி?"

"உனக்கு இல்லன்னு வந்துச்சுன்னா எனக்குத்தான்னு ஆயிடும். பதினோரு வருஷம் இந்தத் தொட்டியை விட்டு நான் அந்தப் பக்கம் பாத்ததில்ல. தம்பி வீட்டுல உக்காந்து சாப்பிடறவன்னு எவளும் ஒரு வார்த்தை சொல்லிடக் கூடாதுன்னு இருந்தேன். இனிமே எங்கேருந்து வந்துச்சுன்னு கேப்பாங்க. கேன்சர் வந்தா வந்துட்டுப் போகட்டும். இந்தக் கேள்வி எனக்கு வேண்டாம்."

"பட்டன்காரம்மா சொன்னதையெல்லாம் ஒரு பேச்சா எடுத்துக்கிட்டு..."

"அவ வாய்விட்டுச் சொல்லிட்டா. மத்தவங்க மனசுல சொல்லிப்பாங்க. நீ குடுக்காத, அவ்வளவுதான்."

அவள் அதுவரை இந்த வீட்டில் எதையும் கேட்டதில்லை. ஒரு புதுத் துண்டுகூடக் கேட்டு வாங்கியதில்லை. முதல் தடவை கேட்கிறாள். நம்பர்க்காரி தலையை ஆட்டிவிட்டாள். இரண்டு பைகளும் மைக்குப்பி இருக்கும் தட்டுக்கு மேல்தட்டில் போய் உட்கார்ந்துகொண்டன.

அதற்குப் பிறகு வந்த நாட்கள் நல்ல நாட்கள் இல்லை. நம்பர் எழுதும்போதெல்லாம் மேலே கண் போகும். உண்மையைச் சொல்லிவிட வேண்டும்: அது நாத்தனாருடையதாக இருக்கட்டும் என்றுதான் அவள் நினைத்தாள். வயது அதிகம், சதை போட்ட உடம்பு, முழங்கால் வலி என்று காரணங்களை அடுக்கினாள். பிறகு அப்படி நினைத்ததற்காகத் தன்மேலேயே காறித் துப்பாத குறை. நாத்தனார் கொண்டுவந்து வைக்கும் டீயை வாங்கும்போது கண்ணைப் பார்க்க முடியவில்லை. அவளும் இதையேதான் நினைப்பாளோ என்று ஒரு சந்தேகம். அப்படி நினைத்தால் கோபித்துக்கொள்ளவும் வழி இல்லை.

நர்ஸ் அடுத்த வாரம் வந்தபோது தனியாகக் கூப்பிட்டுக் கேட்டாள். தெரியாமலே விட்டுவிட்டால் என்ன ஆகும்?

"தானாப் போயிடலாம். போகாம இருந்து, பத்து வருஷம் கழிச்சு உங்க ரெண்டு பேர்ல ஒருத்தர் ஆஸ்பத்திரியில கெடக்கலாம். எதுன்னு பாக்காம எப்படிச் சொல்றது?" என்ற நர்ஸ், எங்கிருந்து வந்தது என்ற கேள்வியையும் கேட்காமலே புரிந்துகொண்டார். "இது கல்யாணமான புதுசுல வந்து ஒட்டிக்கிட்டு இருவது வருஷம் சத்தமே போடாம இருக்கும். அப்புறம் தலை தூக்கும். எப்ப வந்துச்சு, யாருகிட்டேருந்து வந்துச்சுன்னு எந்த டாக்டராலயும் சொல்ல முடியாது. இதை அவங்ககிட்ட சொல்லுங்க."

நம்பர்க்காரி சொன்னாள். நாத்தனார் துணியைக் கசக்கிக்கொண்டே கேட்டாள். மறுநாள் யாரோ ஒரு வாடிக்கைக்காரரின் நீலப் படுதாவில் வெளுப்பு மருந்தை ஊற்றிவிட்டாள். உள்ளங்கை அளவுக்கு வெள்ளையாகத் திட்டு விழுந்தது. கைபட்ட இடத்தில் கறை போகுமே தவிர வராது என்று பெயர் எடுத்தவள், அந்தத் திட்டைத் தடவிப் பார்த்துக்கொண்டே தொட்டி ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். மழை ஓட்டுக் கூரையில் சடசடத்தது. இஸ்திரிக்காரர் அந்தப் படுதாவை எடுத்து, திட்டு உள்ளே போகும்படி மடித்து, ஓரமாக வைத்தார்.

அதைப் பார்த்த பிறகுதான் நம்பர்க்காரி அந்த முடிவுக்கு வந்தாள். மறுநாள் மத்தியானம் மூன்று பேரும் ரொட்டியும் அவித்த முட்டையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தபோது, முட்டையை உரித்தபடியே சொன்னாள்.

"நான் நர்ஸம்மா ஆபீசுக்குப் போயி மறுபடி குடுத்துட்டு வந்தேன் அண்ணி. உங்க பேச்சை மீறிட்டேன். ரிசல்ட் வந்துடுச்சு. எனக்குத்தான்."

இஸ்திரிக்காரருக்கு விஷயமே அப்போதுதான் தெரியும். முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. அவர் ரொட்டியைத் தட்டில் வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். அக்கா அங்கே இருப்பதை மறந்துவிட்டாரோ என்னவோ, தன் கையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"என்கிட்டேருந்துதானே உனக்கு வந்திருக்கும்."

"அதெல்லாம் யாரும் சொல்ல முடியாதாம்."

"யாரும் சொல்ல வேண்டாம். உனக்கு என்னைத் தவிர யாரைத் தெரியும்? எப்ப ஆஸ்பத்திரி போகணுமோ சொல்லு. கடையைச் சாத்திடலாம்."

பொய் சொல்ல வந்த இடத்தில் இப்படி ஒன்று கிடைக்கும் என்று நம்பர்க்காரி எதிர்பார்க்கவில்லை. அழுகை வந்துவிட்டது. அதுவும் நடிப்புக்கு உதவியாகத்தான் இருந்தது. நாத்தனார் எழுந்து வந்தாள், அவள் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். சோப்பு வாசனை. "கடையை எதுக்குச் சாத்தணும்? நான் கூடப் போறேன்" என்றாள். பேச்சில் பத்து நாள் பாரம் இறங்கியிருந்தது. நம்பர்க்காரியின் திட்டமும் அதுதான். துணைக்கு என்று அழைத்துப் போய், அங்கே வைத்து, நர்ஸை விட்டுப் பேசச் சொல்லி, இரண்டு பேரும் கொடுத்துவிட்டு வந்துவிடுவது. நர்ஸிடமும் அப்படியே சொல்லி வைத்தாள்.

அந்த ஆஸ்பத்திரியின் நடைபாதையில் பச்சைப் பெயின்ட் அடித்த பெஞ்சுகள் வரிசையாகப் போட்டிருந்தன. இரண்டு பேரும் நல்ல புடவை கட்டிக்கொண்டு, குடையிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். எப்படி ஆரம்பிப்பது என்று நம்பர்க்காரி தொண்டையைச் செருமிக்கொண்டிருந்தபோது நாத்தனாரே வாயைத் திறந்தாள்.

"நீ இன்னும் குடுக்கலதானே?"

நம்பர்க்காரி குடையைக் கால்மாட்டில் நகர்த்தி வைத்தாள்.

"அன்னிக்குச் சாயங்காலமே மேல்தட்டைப் பாத்தேன். ரெண்டு பையும் வச்ச மாதிரியே இருந்துச்சு. ஆபீஸ்ல குடுத்தேன்னு சொன்னே, சரி. போன தடவ ரிசல்ட் வர மூணு வாரம் ஆச்சு. இந்தத் தடவ மட்டும் பத்து நாளுக்குள்ளயே வந்துடுமா? நம்பர் எழுதறவளுக்குப் பொய் எழுத வரல."

"தெரிஞ்சுக்கிட்டா வந்தீங்க?"

"வராம என்ன பண்றது? நீ அவன் முன்னாடி எனக்குத்தான்னு சொன்னப்ப எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா? அப்பாடான்னு இருந்துச்சு. வாய்விட்டே சொல்றேன், அப்பாடான்னு இருந்துச்சு. அன்னிக்கு மேல்தட்டைப் பாத்ததுக்கப்புறம்தான் நீ எதுக்குச் சொன்னேன்னு விளங்கிச்சு. அப்புறம் எனக்குச் சோறு எறங்கல."

எதிரே ஒரு தாதி தள்ளுவண்டியில் விரிப்புகளை ஏற்றிக்கொண்டு போனாள். இரண்டு பேரின் கண்ணும் பழக்கதோஷத்தில் அந்த விரிப்புகள் மேலேயே போய் வந்தன.

"நர்ஸம்மா இருவது வருஷம்னு சொன்னதை யோசிச்சுப் பாத்தேன்" என்றாள் நாத்தனார். "நம்ம தொட்டியிலயே பாக்கறோமே. ஜூஸ் சிந்தின துணி. துவைச்சா போயிடும், ஒண்ணும் தெரியாது. நூலுக்குள்ள இருக்கும். என்னிக்கோ ஒரு நாள் இஸ்திரிச் சூடு பட்டதும் மஞ்சளா எழும்பும். அன்னிக்கு இஸ்திரி போட்டவனையா குத்தம் சொல்றோம்? என் வீட்டுக்காரர் நல்லவரும் இல்ல, கெட்டவரும் இல்ல. பாதி மாசம் லாரியில போறவரு. இருந்தா அவருகிட்டேருந்துதான். செத்துப்போனவர்கிட்ட என்ன கேக்கறது. இதை எனக்கு நானே சொல்லிக்க இத்தனை நாளாச்சு."

நம்பர்க்காரி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணி, உங்களுக்கா இருக்கட்டும்னு நான் நெனச்சேன்."

"நான் மட்டும் உனக்கு வேண்டாம்னு வேண்டிக்கிட்டேனா என்ன? பேசாம இரு."

இரண்டு பேரும் உள்ளே போய்க் கொடுத்துவிட்டு வந்தார்கள். இந்தத் தடவை நாத்தனார் தன் பட்டையைத் தானே வாங்கி, தன் குழாயில் தானே ஒட்டி, கட்டைவிரலால் நாலு தடவை அழுத்தித் தேய்த்தாள். நம்பர்க்காரியைத் தொடவே விடவில்லை. அங்கே புது மெஷின் ஒன்று வந்திருந்தது, ஒரு மணி நேரத்தில் சொல்லிவிடுமாம். அந்த ஒரு மணி நேரத்தில் இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு டீ குடித்தார்கள். கடையில் உலராமல் கிடக்கும் படுதாக்களைப் பற்றிக் கொஞ்சம் பேசினார்கள்.

நர்ஸ் இரண்டு சீட்டுகளோடு வந்தார். நம்பரை இரண்டு தடவை சரிபார்த்தார். நாத்தனாருக்கு ஒன்றும் இல்லை. இருந்தது நம்பர்க்காரிக்கு.

அவள் தன் வாயாலேயே அதை ஒரு வாரத்துக்கு முன்னால் சொல்லிவிட்டவள்தான். அழுதும் முடித்துவிட்டவள். ஆனாலும் சீட்டில் இருந்ததைத் திரும்பத் திரும்பப் படித்தாள். நாத்தனார் தோளைப் பிடித்து உட்கார வைத்தாள். பொய்யாகச் சொன்னது நிஜமானதற்கு யாரிடம் போய் நியாயம் கேட்பது? தான் மட்டும் வாக்குக் காப்பாற்றி, கொடுக்காமலே இருந்திருந்தால், நாத்தனாருக்காக என்று சொல்லிக்கொண்டு தன் நோயைத்தான் மேல்தட்டில் வைத்து வளர்த்திருப்பாள்.

அன்றைக்கே டாக்டரம்மா பார்த்தார். சின்னதாக ஒரு திட்டு இருந்தது, இன்னும் கேன்சர் ஆகவில்லை. சூடு வைத்து எடுத்துவிடலாம், ஒரு நிமிஷம்தான், வீட்டுக்குப் போய்விடலாம், ஒரு வருஷம் கழித்து மறுபடி வந்து காட்ட வேண்டும் என்றார். நாத்தனார் வெளியே நிற்க மாட்டேன் என்று அடம்பிடித்து உள்ளே வந்து தலைமாட்டில் நின்றுகொண்டாள்.

"பயப்படாத. உள்ள இஸ்திரி போடறாங்க, அவ்வளவுதான்" என்று காதருகே குனிந்து சொன்னாள். டாக்டரம்மா சிரித்துவிட்டார். நம்பர்க்காரிக்கு அடிவயிற்றில் சுருக்கென்று பிடித்தது, விட்டது. எண்ணிப் பார்த்தால் ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது.

திரும்பி வரும்போது மழை விட்டிருந்தது. பல நாள் கழித்துத் தெருவில் கொஞ்சம் வெயில். இஸ்திரிக்காரர் கடை வாசலில் ஈரப் படுதாக்களைக் கயிற்றில் போட்டுக்கொண்டிருந்தார். இவர்கள் வருவதைப் பார்த்ததும் கையில் இருந்ததை அப்படியே விட்டுவிட்டு நடந்து வந்தார். நம்பர்க்காரி, எல்லாம் முடிந்தது என்பதுபோல் தலையை ஆட்டினாள். அவர் குடையை மட்டும் அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

பட்டன்காரம்மா ஊசியை வாயில் கவ்விக்கொண்டு படியிலேயே உட்கார்ந்திருந்தாள். ஆஸ்பத்திரி போனது அவளுக்கு எப்படியோ எட்டியிருந்தது. ஊசியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள்.

"என்ன ஆச்சு? இருந்துச்சாமே, யாருக்கு?"

நம்பர்க்காரி வாயைத் திறந்தாள். தனக்குத்தான் என்று சொல்லி, அண்ணிமேல் விழுந்திருந்த அந்தப் பேச்சை அன்றோடு கழுவிவிட வேண்டும் என்றுதான் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்திருந்தாள். ஆனால் நாத்தனார் அவளுக்கு முன்னால் வந்து நின்றாள். தனக்கு ஒன்றும் இல்லை என்று சீட்டே கையில் வைத்திருந்தவள் அவள். அதை நீட்டியிருந்தால் போதும், இத்தனை நாள் அவள் பயந்த கேள்வி அந்தப் படியிலேயே செத்திருக்கும். அவள் சீட்டை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"எங்க வீட்டுக்கு" என்றாள்.

"அதில்ல, ரெண்டு பேர்ல..."

"அதான் சொல்றேனே. எங்க வீட்டுக்கு இருந்துச்சு. பாத்தோம், எடுத்தாச்சு. நீ நாளைக்குப் போயி உன்னோடதப் பாத்துட்டு வா. துணைக்கு ஆள் வேணும்னா சொல்லு, நான் வரேன்."

சொல்லிவிட்டு உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் தொட்டியில் தண்ணீர் திறக்கும் சத்தமும், துணி கசக்கும் சத்தமும் கேட்டன. நம்பர்க்காரி மேசைக்கு வந்து உட்கார்ந்தாள். இஸ்திரிக்காரர் அவளுக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். மேல்தட்டிலிருந்த இரண்டு பைகளையும் இறக்கி, தட்டைத் துடைத்தார். ஒரு பையைத் தூக்கிக் காட்டி இது யாருக்கு என்று கேட்டார்.

நம்பர்க்காரி எட்டிப் பார்த்தாள். பட்டன்காரம்மா இன்னும் படியில்தான் இருந்தாள், ஊசியில் நூல் கோர்க்காமல் சும்மா கையில் பிடித்தபடி.

"அந்தம்மாவுக்குக் குடுங்க" என்றாள். "நம்பரை அவங்களே ஒட்டிக்கட்டும்."